அன்று லண்டனில் பனி பெய்யவில்லை

அது தற்செயல் அல்ல. தெரிந்தே செய்தேன்.

எங்கள் கோயிலின் பங்கு மண்டபம் நிறைந்திருக்க, ஜெசிந்தாவை மேடையில் நிறுத்தி, அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றை நாடகம் என்ற பெயரில் நான்தான் போட்டுடைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் தற்செயல் என்றார்கள். ஜெசிந்தாவும் அப்படித்தான் நம்பினாள். இன்றும் நம்புகிறாள்... அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

என் பெயர் றீற்றா. மொன்றியலில் எங்கள் தமிழ்ப் பங்கில் எனக்கு இன்னொரு பெயரும் இருந்தது: சி.ஐ.டி. றீற்றா. பகிடிக்குத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியாது!

புவாண்ட்-கிளேரில் ஓர் உடுப்புக் களஞ்சியத்தில் எனக்கு வேலை. போகவர பேருந்தில் இருந்து வாசிப்பதற்கு, பிரெஞ்சுக் கோயில்களின் பழம்பொருள் சந்தையில் ஆங்கில நாவல்களை அள்ளிக்கொண்டு வருவேன். எல்லாம் ஒரே வகை. விக்டோரியா மகாராணி காலத்து லண்டன், மூடுபனி, குதிரை வண்டி, தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிணம். பொலிஸ்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். வேலை வெட்டியில்லாத ஒரு பெண் வந்து, கதவில் ஒட்டியிருந்த நூலையோ கிண்ணத்தில் மிஞ்சியிருந்த சீனியையோ காட்டி, சிரித்துக்கொண்டே கொலைகாரனைப் பிடித்துக் கொடுப்பாள். அந்தக் கதைகளில் ஒருவர் செத்தாலும் யாருக்கும் பெரிதாக வலிப்பதில்லை. அந்தச் சுகத்துக்காகவே வாசித்தேன்.

வாசித்த புத்தியைப் பங்கிலும் காட்டினேன். சுவாமியாருக்கென்று எடுத்து வைத்த கேக் காணாமற் போனபோது, பாட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஐசிங் ஒட்டியிருப்பதைக் காட்டிப் பாடகர் குழுத் தலைவரைக் கையும் மெய்யுமாகப் பிடித்தேன். கோயிலே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆளைப் பிடிப்பது ஒரு விளையாட்டு, பிடிபட்டவரும் கடைசியில் சிரிப்பார் என்றுதான் நானும் பழகிவிட்டேன்.

ஜெசிந்தா என் சிநேகிதி. ரொக்ஸ்பரோவில் இருந்தாள். பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று, நான் சுருதி விலகும்போது முழங்கையால் மெல்ல இடிப்பாள். அவளுடைய கணவன் அன்ரன் மன்னார்க்காரன். டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தான். அதிகம் கதைக்காத மனிதன். ஒரு கார்த்திகை மாதத்தில் திடீரென்று இறந்துபோனான். "மாரடைப்பு" என்றாள் ஜெசிந்தா. யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்ரனை அடக்கம் செய்த அன்று சேமக்காலையில் நல்ல மழை. என் புதுக் கறுப்புச் சப்பாத்து சேற்றில் புதைந்துபோனது. வீட்டுக்கு வந்து கத்தியால் சுரண்டிச் சுரண்டித் துப்புரவாக்கினேன். அந்தச் சப்பாத்தை மறக்காதீர்கள்... நானும் மறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அன்ரனின் தாய் மன்னாரிலிருந்து வந்தார். அது சமாதானப் பேச்சுக் காலம். பாதை திறந்திருந்தது, விசாவும் கிடைத்தது. ஜெசிந்தா அவரைப் பெற்ற தாயைப் போலப் பார்த்துக்கொண்டாள். வெயிற்காலத்திலும் காலுறை போட்டுவிட்டுத்தான் கோயிலுக்குக் கூட்டிவருவாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"என்ர பிள்ளையை இந்த ஸ்னோதான் கொண்டு போட்டுது, பிள்ளை. வாசல்ல ஸ்னோ தள்ளிக்கொண்டு நிக்கேக்க, நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவனாம். ஜெசிந்தா போனில சொல்லிச் சொல்லி அழுதவ."

நான் "ஓம் அம்மா, ஓம்" என்று தலையாட்டினேன். ஆனால் என் மூளை அந்தக் கணமே அலுமாரிக்குள் இருந்த சப்பாத்துக்குப் போய்விட்டது.

சேறு! அந்த வருடம் முதற்பனி விழுந்ததே அடக்கம் முடிந்த பிறகுதான். பெய்யாத பனியை அன்ரன் எப்படித் தள்ளினான்? அப்படியானால் ஜெசிந்தா பொய் சொல்லியிருக்கிறாள். ஏன்?

நீங்கள் நல்லவராக இருந்தால், "பாவம், ஏதோ காரணம் இருக்கும்" என்று விட்டிருப்பீர்கள். நான் விடவில்லை. எனக்குக் கை பரபரத்தது.

அதற்குப் பிறகு அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு சனிக்கிழமை டவுன்டவுனில் ஒரு பிரெஞ்சுக் கோயிலிலிருந்து அவள் வெளியே வருவதைக் கண்டேன். கண் சிவந்திருந்தது. "மெழுகுதிரி கொளுத்த வந்தனான்" என்றாள். அடுத்த மாதமும் அதே கோயிலில் கண்டேன். அவள் என்னைக் காணவில்லை, நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பிரெஞ்சுச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் இருந்தாள்.

இதில் ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களில் பலர் பாரமான பாவத்தைத் தமிழ்ச் சுவாமியாரிடம் சொல்வதில்லை. அவருக்கு எங்கள் குரல் தெரியும், அடுத்த வாரம் எங்கள் வீட்டில் வந்து சாப்பிடுவார், வெட்கம்! அதனால் மெட்ரோ ஏறிப் போய், முகம் தெரியாத பிரெஞ்சுச் சுவாமியாரிடம் சொல்லிவிட்டு வருவோம். நானும் செய்திருக்கிறேன். என் அரைகுறைப் பிரெஞ்சில் எந்தப் பாவமும் பாதியாய்க் குறைந்துதான் வாயிலிருந்து வரும்.

ஆகவே எனக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. பொய்யான பனி. ஒளித்துச் சொல்லும் பாவம். அவள் அன்ரனுக்கு ஏதோ செய்திருக்கிறாள்!

கொலை என்றா நினைத்தேன்? கேட்கிறீர்கள், சொல்லத்தான் வேண்டும். ஓம், நினைத்தேன். என் சுருதியைத் திருத்தும் அந்த முழங்கைக்காரியைப் பற்றி, பேருந்தில் இருந்துகொண்டு, ஒரு விதமான இனிப்போடு நினைத்தேன். அவளிடம் நேரே போய், "ஜெசி, அண்டைக்கு என்ன நடந்தது?" என்று ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு என்ன பெருமை?

அந்த வருடம் பங்கின் கலைவிழாவுக்கு நாடகம் எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. வழக்கமாக வேதாகமக் கதைதான் போடுவார்கள். நான் பிடிவாதமாக லண்டன் மர்ம நாடகம் ஒன்றை எழுதினேன். ஒரு பிரபு தன் மாளிகை வாசலில் செத்துக் கிடக்கிறார். தொப்பிக் கடை வைத்திருக்கும் மிஸ் பெனலப்பி என்ற பெண் துப்புத் துலக்குகிறாள். பெனலப்பி வேறு யார்? நான்தான்!

பிரபுவின் மனைவியாக நடிக்க ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"ஐயோ, எனக்கு உதெல்லாம் வராது, றீற்றா."

"வசனம் ரெண்டு மூண்டுதான். பேந்து கடைசியில மயங்கி விழவேணும், அவ்வளவுதான். உன்ர மாமியும் பாத்துச் சந்தோசப்படுவா."

மாமியின் பெயரைச் சொன்னதும் சம்மதித்தாள். எங்கே தட்டினால் திறக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒத்திகை நாட்களில் அவ்வளவு சிரிப்பு! பழைய யன்னல் சீலைகளை வெட்டி ஜெசிந்தாவே எல்லோருக்கும் நீள கவுண் தைத்தாள். அவளுடைய மாமி பக்கத்தில் இருந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். பட்லராக நடித்த யோகன் எதற்கெடுத்தாலும் "ஓம் பிரபு" என்பான், பிரபு செத்த பிறகும் பிணத்தைப் பார்த்து "ஓம் பிரபு" என்பான். பிணம் சிரித்துவிடும். லண்டன் மூடுபனிக்காகத் தேநீர்க் கேத்தல் மூன்றைத் திரைக்குப் பின்னால் கொதிக்க வைத்தோம். அன்ரன் போன பிறகு ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் கண்டேன். அதைக் கண்ட பிறகாவது நான் நிறுத்தியிருக்கவேண்டும்...

நிறுத்தவில்லை. கடைசிக் காட்சியை மட்டும் ஒருவருக்கும் காட்டவில்லை. "கொலைகாரர் ஆரெண்டு நடிக்கிற ஆக்களுக்கும் தெரியக்கூடாது, அப்பதான் முகத்தில உண்மை வரும்" என்றேன். நல்ல யோசனை என்று பாராட்டினார்கள். கடைசிக் காட்சியில் பேசுவது நான் ஒருத்திதானே.

கலைவிழா நாள் வந்தது. மண்டபத்தில் இருக்க இடமில்லை. முன்வரிசையில் ஜெசிந்தாவின் மாமி, வெள்ளைச் சேலையும் மடியில் செபமாலையுமாக, வாயெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

கடைசிக் காட்சியில் நான் என் பையைத் திறந்து ஒரு சப்பாத்தை எடுத்து உயர்த்தினேன். அதே கறுப்புச் சப்பாத்து. அன்று காலையில் முற்றத்துக்குப் போய் அதற்குப் புதிதாகச் சேறு பூசியிருந்தேன். தற்செயல் என்கிறவர்களுக்கு அந்தச் சேறு தெரியாது.

"சீமாட்டியே! தங்கள் கணவர் வாசலில் பனி தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்று என்னிடம் சொன்னீர்கள் அல்லவா? இதோ பாருங்கள்! அவரைப் புதைத்த அன்று நான் அணிந்திருந்த சப்பாத்து. இதில் ஒட்டியிருப்பது சேறு! அன்று லண்டனில் பனி பெய்யவே இல்லை!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. யோகன் தன் பாட்டில் ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டான்: "அதுதானே! நான் ஒருத்தன் சம்பளத்துக்கு இருக்கேக்க, பிரபு ஏன் தானே ஸ்னோ தள்ளினவர்?" மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஜெசிந்தா மயங்கி விழவேண்டும். விழவில்லை. யன்னல் சீலைக் கவுணோடு அப்படியே நின்றாள். முகத்தில் இரத்தம் இல்லை. "றீற்றா..." என்றாள். பெனலப்பி என்று சொல்லவில்லை, றீற்றா என்றாள். வசனத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்துச் சனம் இன்னும் சிரித்தது.

நான் என்ன உணர்ந்தேன் தெரியுமா? வெற்றி! நான் சொன்னது சரி, அவள் முகமே சாட்சி! கடவுளே, அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வந்தது.

திரை மூடியதும் மாமி படியேறி மேடைக்குப் பின்னால் வந்தார். சிரிப்புப் போய்விட்டிருந்தது. நான் இன்னும் தொப்பியோடு நின்றேன்.

"பிள்ளை, நீ கெட்டிக்காரி. எல்லாத்தையும் ஞாபகம் வைச்சிருப்பாய். என்ர பிள்ளை செத்த நேரம் இங்கை ஸ்னோ பெய்ததோ?"

அவருக்குப் பின்னால் ஜெசிந்தா நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சொல்லாதே, சொல்லாதே என்று கண்ணாலே கெஞ்சினாள். நான் அதைக் காணவில்லை என்று சொல்லமாட்டேன். கண்டேன். நன்றாகக் கண்டேன்.

"ஓம் அம்மா, நல்லாப் பெய்தது" என்று சொல்லியிருக்கலாம். நாடகம்தானே என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். அந்த அம்மா நம்பியிருப்பார், நம்பத்தான் வந்திருந்தார்.

"இல்லை அம்மா," என்றேன். "மழைதான் பெய்தது."

அவர் திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா அவருடைய கையைப் பிடித்து மண்டபத்துச் சமையலறைக்குள் கூட்டிப்போனாள். சாப்பாடு நீட்டும் சின்ன யன்னலுக்கு இந்தப் பக்கம் நான் போய் நின்றேன். துப்பறிவாளி அல்லவா, முடிவைக் கேட்காமல் போவேனா!

"மாமி, அவருக்கு மாரடைப்பு வரேல்லை. அவர் தன்ர உயிரைத் தானே எடுத்திட்டார்... கன மாசமா நித்திரையில்லை, ஒருத்தரோடையும் கதையில்லை. டொக்டரிட்டைப் போவம் எண்டு கெஞ்சினனான், மாமி. வரமாட்டன் எண்டிட்டார். நீங்கள் அங்கை தனிய, குண்டுச் சத்தத்துக்குள்ள... உங்களிட்டை நான் எப்பிடிச் சொல்லுவன்?"

பிறகு அந்த அம்மாவின் குரல் கேட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நெஞ்சுவலியில போன பிள்ளைக்கெண்டுதானே இவ்வளவு நாளும் செபிச்சனான். இப்பிடிப் போன பிள்ளைக்கு எவ்வளவு செபிக்கவேணும் தெரியுமோ உனக்கு? அவன்ர ஆத்துமம் அங்கை தனிய நிண்டிருக்குமே... தாய் எனக்குத் தெரியாமல் போச்சே!"

"நான் பூசை ஒப்புக்குடுத்தனான், மாமி. மாதா மாதம். இங்கத்தைய பிரெஞ்சுச் சுவாமிக்கு மட்டும் தெரியும். கடவுள் அவரைக் கைவிடமாட்டார் எண்டு அவர் சொன்னவர்..."

"எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் தாயெல்லோ!"

அந்தப் பிரெஞ்சுக் கோயிலின் கதை இதுதான். நான் தூணுக்குப் பின்னால் நின்று கொலைகாரியைக் கண்டேனே... அவள் அங்கே தன் கணவனின் ஆன்மாவுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தமிழ்ப் பங்கில் பெயர் வாசித்துப் பூசை வைத்தால் யாராவது ஏன், எப்படி என்று கிளறுவார்கள் என்று பயந்து அவ்வளவு தூரம் போயிருந்தாள். கிளறுகிறவள் யார்? அவளுக்குப் பக்கத்தில் நின்று பாடியவள்தான்.

மாமி அந்தக் கோடையிலேயே மன்னாருக்குத் திரும்பிவிட்டார். விமானநிலையத்தில்கூட மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லையாம். பிறகு ஊரில் மறுபடியும் போர் தொடங்கியது. ஜெசிந்தா தொலைபேசி எடுப்பாள். அந்த அம்மா பேசாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். பங்கிலும் விஷயம் மெல்ல மெல்லப் பரவியது. பூசை முடிந்து அவளைச் சுற்றி நின்ற பெண்கள் குறைந்தார்கள். அவளுடைய பொய் அவளுக்காக இல்லை, கடலுக்கு அப்பால் இருந்த ஒரு தாய்க்காக என்று யாருக்கும் யோசிக்க நேரமில்லை.

இப்போது மிகக் கேவலமான பகுதியைச் சொல்கிறேன்.

நாடகம் முடிந்த அடுத்த வாரம் ஜெசிந்தா என் வீட்டுக்கு வந்தாள். சண்டை பிடிக்க வருகிறாள் என்று நினைத்து, கதவைத் திறக்கத் தயங்கினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"நீ உன்னைப் போட்டு வருத்தாதை, றீற்றா. லண்டனைப் பற்றித்தானே எழுதினனீ. உனக்கு என்ர வீட்டுக் கதை எப்பிடித் தெரியும்? மாமி கேக்க நீ உள்ளதைச் சொன்னாய்."

நான் அழுதேன். அவள் தன் சால்வையால் என் கண்ணைத் துடைத்தாள். ஆறுதல் சொல்ல வந்தவள் அவள்! வாங்கிக்கொண்டவள் நான்! சொல், இப்போது சொல் என்று உள்ளே ஏதோ இடித்தது... நான் தேநீர் போட எழுந்து போனேன்.

பிறகு நானும் மெட்ரோ ஏறி, முகம் தெரியாத ஒரு பிரெஞ்சுச் சுவாமியாரிடம் முழங்காலில் இருந்தேன். "நான் எழுதிய நாடகத்தால் ஒருவருக்கு மனவருத்தம் வந்துவிட்டது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பிரெஞ்சு தெரியாததால் அல்ல, இந்த முறை பிரெஞ்சின் மேல் பழிபோட முடியாது. அவர் கனிவாகப் பாவமன்னிப்புத் தந்தார். நான் செய்யாத ஒரு சின்னப் பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது. செய்த பாவம் என்னோடேயே மெட்ரோ ஏறி வீட்டுக்கு வந்தது.

ஜெசிந்தா ரொக்ஸ்பரோ வீட்டை விட்டு ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். நான் அந்த நாவல்களையெல்லாம் கட்டி, வாங்கிய சந்தையிலேயே கொண்டுபோய் வைத்தேன். அதனால் என்ன? சப்பாத்தை எறிய மனம் வரவில்லை. அது இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

இந்த வருடம் அந்த அம்மா மன்னாரில் இறந்துவிட்டார். செய்தி வந்ததும் ஜெசிந்தா முதலில் எனக்குத்தான் எடுத்தாள்.

"கடைசி மட்டும் ஒரு வார்த்தை கதைக்கேல்லை, றீற்றா. சாகக்கிடக்கேக்கையும் போனை வாங்கேல்லையாம்."

இதைவிட்டால் இனி நேரமில்லை என்று தெரிந்தது. "ஜெசி..." என்றேன். "அந்த நாடகம்... நான்..."

"நீ இன்னும் அதையே நினைச்சுக்கொண்டிருக்கிறாய்?" அழுகைக்கு நடுவே அவள் என்னைத் தேற்றினாள். "விசர்க் கதை கதையாதை. நீ என்ன, தெரிஞ்சோ செய்தனீ?"

அவள் மறுபடி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் பதிலுக்காகக் காத்திருந்தாள். பதில் என்னவென்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அன்று அவளுடைய மாமியிடம் நான் சொன்ன "இல்லை" உண்மை. அதைச் சொல்லாமல் விட்டிருக்கவேண்டும். இந்த முறையும் என் வாயில் அதே சொல்தான் வந்தது.

"இல்லை," என்றேன்.

"அதுதானே," என்றாள் ஜெசிந்தா. "எனக்கெண்டு நீ ஒருத்தியாவது இருக்கிறாய்." பிறகு நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.